மதுரையிலிருந்து ஓர் இரவுப் பயிற்சிப் பறப்பு: நிலைமயக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் யாருக்கும் காயமில்லை. ஹெலிகாப்டருக்கும் சேதமில்லை. இருந்தும் இதை முழுமையாக எழுதி வைக்கக் காரணம் உண்டு. இரண்டு பைலட்டுகளும் பத்திரமாக இறங்கி வந்து, தாங்கள் பார்த்ததையும் உணர்ந்ததையும் மறைக்காமல் சொன்னார்கள். பறப்புப் பதிவுக் கருவியின் எண்களும் கிடைத்தன. நிலைமயக்கத்தில் சிக்கிய பல ஹெலிகாப்டர்களின் கதையைச் சொல்ல ஆள் மிஞ்சுவதில்லை.

நிலைமயக்கம் என்று இங்கே சொல்வது, பைலட்டுகள் ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷன் என்பார்களே, அதைத்தான். ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கண்ணும் காதும் தப்பாகச் சொல்லும். பைலட் அதை நம்பிவிடுவார். தலை சுற்றாது, கண் இருட்டாது. எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

அப்போது அந்த இருவரும் இருந்த படைப் பிரிவின் விமான மருத்துவராக இருந்தேன். ஆய்வில் மருத்துவப் பக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், படைத்தளம், ஹெலிகாப்டரின் வகை, ஆண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர். அருகருகே இரண்டு பைலட்டுகள். வலது இருக்கையில் பயிற்சி பைலட். இளம் அதிகாரி, சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பகல் பறப்பில் நல்ல பெயர் எடுத்தவர். இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடியான நைட் விஷன் காகிள்ஸ் போட்டு ஓட்டத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. இடது இருக்கையில் பயிற்றுநர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டியவர்; மலையிலும் கடல் மேலும் பறந்த அனுபவம் உள்ளவர். மாணவர்கள் அவரிடம் பயந்து நடுங்குவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னதை மறுத்துப் பேசிய மாணவர் யாரும் இல்லை. நல்ல பயிற்றுநரிடம் இயல்பாக வரும் மரியாதைதான் அது.

நவம்பர் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழையால் இந்தப் பறப்பு ஏற்கெனவே இரண்டு தடவை ரத்தாகியிருந்தது. பயிற்சி முடிய வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை காரணமாகப் பயிற்றுநரே மூன்று வாரத்துக்கு மேல் காகிள்ஸ் போட்டுப் பறக்கவில்லை. விதிப்படி தகுதி இருந்தது. கை பழகியிருந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் இடமில்லை.

திட்டம் எளிமையானது. மாலையில் மதுரை விமான நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்புவது. இருட்டிய பிறகு கிளம்பி வைகையை ஒட்டித் திருப்புவனம், மானாமதுரை வழியாகப் பரமக்குடி. அங்கிருந்து வடக்கே இளையான்குடி, அங்கே இடப்பக்கம் திரும்பி சிவகங்கை, அப்புறம் மதுரை. தரையிலிருந்து 500 அடி உயரம், 90 நாட் வேகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 167 கிலோமீட்டர்.

அந்த நிலமும் அந்த இரவும்

மதுரைக்கு மேற்கே நாகமலை, வடகிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை, அதைத் தாண்டிச் சிறுமலை. இரவில் தாழ்வாகப் பறக்கப் பழகுபவரை அந்தப் பக்கம் அனுப்ப யாரும் விரும்ப மாட்டார்கள். அதனால் கிழக்கே சமவெளியைத் தேர்ந்தெடுத்தார்கள். மோத மலை இல்லை என்பது சரிதான். ஆனால் கண்ணுக்குப் பிடிமானமும் இல்லை. ஆய்வின்போது இதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதுதான் முதல் இழை.

மானாமதுரை தாண்டி நெடுஞ்சாலையை விட்டு விலகினால் கண்மாய், வயல், சீமைக் கருவேலங்காடு, மறுபடி கண்மாய். கருவேலங்காடு இரவில் மேடு பள்ளம் தெரியாத ஒரே கறுப்பு. மழை பெய்து கண்மாய்கள் நிரம்பிக் கிடந்தன. காற்று அடங்கிய இரவில் அந்தத் தண்ணீரில் நட்சத்திரங்கள் அப்படியே தெரியும். பரமக்குடியை நெருங்கும்போது கண்ணுக்கு நேரே கீழே நட்சத்திரங்களைப் பார்த்ததாகவும், ஒரு கணம் வயிறு புரண்டதாகவும் பயிற்சி பைலட் சொன்னார். தேய்பிறைக் காலம், நள்ளிரவு தாண்டித்தான் நிலா எழும்.

காகிள்ஸ் வெளிச்சத்தை உண்டாக்காது, இருக்கிற வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும். நிலா இல்லாதபோது படம் பொரிப்பொரியாக ஆகிவிடும். அதோடு அதன் பார்வை அகலம் ஏறக்குறைய 40 டிகிரிதான்; வெறும் கண்ணுக்கு ஏறக்குறைய 200 டிகிரி. நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்பதை நினைக்காமலே நமக்குச் சொல்வது பக்கவாட்டுப் பார்வை. காகிள்ஸ் வெட்டிவிடுவது அதைத்தான். இரவைப் பகலாக்கும் கண்ணாடி என்று வெளியே பேசிக்கொள்வார்கள். ஓட்டுபவர்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது.

வானிலைக் குறிப்பில் விடியற்காலையில் பனிமூட்டம் இருக்கலாம் என்று இருந்தது. ஆனால் ஈரத்தரை, அசையாத காற்று, கரிமூட்டங்களில் இருந்து படர்ந்து தேங்கிய புகை எல்லாம் சேர்ந்து, எட்டரை மணிக்கே சில இடங்களில் மெல்லிய திரை கட்டத் தொடங்கியிருந்தது.

புறப்படும் முன்

பறப்புக்கு முந்தைய கலந்துரையாடல் ஒழுங்காக நடந்தது. எஞ்சின் நின்றால் என்ன செய்வது, மின்கம்பிகள், செல்போன் டவர்கள், ரேடியோ அலைவரிசை எல்லாம் பேசப்பட்டன. மேகத்துக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரே வாக்கியம்: “கருவியைப் பார்த்து ஏறிடுவோம்.” யார் ஓட்டுவது, யார் வெளியே பார்ப்பது, யார் உள்ளே கருவியை மட்டும் பார்ப்பது, எந்தச் சொல்லைக் கேட்டதும் வெளியே பார்ப்பதை விட வேண்டும் என்று எதுவும் முடிவாகவில்லை.

ரேடியோ ஆல்டிமீட்டர் தரையிலிருந்து உள்ள உயரத்தைக் காட்டும். குறித்த உயரத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலி எழுப்பும். மாலையில் இறங்கும் பயிற்சிக்காக அந்த அளவை 150 அடியில் வைத்திருந்தார்கள். அதை மாற்றாமலே கிளம்பினார்கள். 500 அடியில் பறக்கப்போகிறவர்களுக்கு 150 அடியில் எச்சரிக்கை.

இன்னொரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. பயிற்றுநர் முந்தின நாள் விடுப்பில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு இரவு தாமதமாகத் திரும்பியிருந்தார். லேசான ஜலதோஷம். மதியம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய செட்டிரிசின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். விமானம் ஓட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் போடக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் வந்திருந்தால் அன்றைக்குப் பறக்க விட்டிருக்க மாட்டேன். மூன்றாவது தடவையாகவும் மாணவரின் பறப்பு தள்ளிப்போயிருக்கும். அதை அவர் விரும்பவில்லை.

பறப்பு

எட்டு மணி வாக்கில் மதுரையிலிருந்து கிளம்பினார்கள். முதல் பகுதி சுலபமாக இருந்தது. நகரத்து வெளிச்சம் முதுகுக்குப் பின்னால், நெடுஞ்சாலை வண்டிகளின் விளக்குகள் பக்கத்தில், வைகை மணல் வெளுத்த பட்டையாகக் கீழே. பயிற்சி பைலட் ஓட்டினார். உயரம் 20, 30 அடிக்கு மேல் பிசகவில்லை.

பரமக்குடியில் வடக்கே திரும்பியதும் நெடுஞ்சாலை கைவிட்டுப் போனது. கீழே இருந்த ஊர் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்ததைப் பயிற்சி பைலட் கவனித்தார். படத்தில் பொரி கூடியிருந்தது. காகிள்ஸில் பறப்பவருக்கு இவை இரண்டும் முக்கியமான அறிகுறிகள். மெல்லிய பனித்திரையை ஊடுருவி அந்தக் கண்ணாடி பார்த்துவிடும். அதனால் திரை இருப்பதே தெரியாமல் பைலட் மேலும் உள்ளே போய்க்கொண்டிருப்பார். கடைசியில் வெறும் கண்ணுக்கும் தெரியாது, கண்ணாடிக்கும் தெரியாது என்ற இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். இது அவர் வகுப்பில் படித்ததுதான். “சொல்லணும்னு நினைச்சேன் டாக்டர். சார் பாக்காம இருப்பாரான்னு விட்டுட்டேன்” என்றார் என்னிடம்.

இளையான்குடிக்கு மேலே இடப்பக்கம் திரும்பினார்கள். மெதுவாகச் சாய்த்து, 15 டிகிரி சாய்வில் ஏறக்குறைய 17 நொடி. திருப்பத்தின் நடுவில் அடுத்த திசை எண்ணைப் பார்க்கப் பயிற்சி பைலட் தொடையில் கட்டியிருந்த குறிப்புப் பலகையைக் குனிந்து பார்த்தார். விரல் விளக்கின் சின்ன வெளிச்சம், வலப்பக்கம் குனிந்த தலை, இரண்டு நொடி. நிமிர்ந்து திருப்பத்தை முடித்து நேராக்கியதும், ஹெலிகாப்டர் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போவதாக அவருக்குத் தோன்றியது. வெளியே நட்சத்திரம் இல்லை. திரைக்குள் நுழைந்துவிட்டிருந்தார்கள்.

அவர் வாய்விட்டுச் சொன்னார். இந்த நிகழ்வு இப்படி முடிந்ததற்கு முதல் காரணம் அது. “சார், எனக்கு வலது பக்கம் சாயற மாதிரி இருக்கு. ஏடிஐ நேராத்தான் காட்டுது.” ஏடிஐ என்பது ஹெலிகாப்டரின் சாய்வைத் தொடுவானக் கோட்டோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவி.

“சரி தம்பி, விடு. ஐ ஹாவ் கண்ட்ரோல்ஸ்” என்றார் பயிற்றுநர். இனி ஓட்டுவது அவர் என்று பொருள்.

அந்த அரை நிமிடம்

பயிற்றுநர் காகிள்ஸ் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் ஓட்டை ஒன்றில் விளக்கு வரிசை ஒன்று தெரிந்தது. பறக்கும் திசைக்குக் குறுக்கே கோணலாகப் போகும் கிராமச் சாலை அது. இடது ஓரம் தாழ்ந்தும் வலது ஓரம் உயர்ந்தும் தெரிந்தது. அதற்கு மேலே கறுப்பு. கீழே அங்கங்கே சில வீட்டு விளக்குகள். பார்வைக்குத் தொடுவானமேதான். அவர் கை அந்தக் கோட்டோடு ஹெலிகாப்டரைச் சேர்த்தது. யோசித்துச் செய்ததில்லை. இரண்டாயிரம் மணி நேரமாகச் செய்து வந்ததைக் கை செய்தது.

அதனால் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்தது. பதிவுக் கருவியில் 18 டிகிரி. மூக்கு மெல்லத் தாழ்ந்தது. உயரம் 500 அடியிலிருந்து இறங்கத் தொடங்கியது.

ஆய்வு முழுவதிலும் என்னை மிகவும் பாதித்தது பயிற்சி பைலட் அடுத்துச் சொன்னதுதான். “சார் கண்ட்ரோல் வாங்கினதும் எனக்கு எல்லாம் சரியாயிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சாய்வு போயிடுச்சு. அப்பாடான்னு இருந்தது.” அவருடைய காது வலப்பக்கம் சாய்வதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் நிஜமாகவே இடப்பக்கம் சாய்ந்ததும் அந்தப் பொய்யும் நிஜமும் ஒன்றையொன்று தள்ளுபடி செய்துவிட்டன. உடம்புக்கு நிம்மதி. ஆக, ஒருவருக்குக் கண் ஏமாற்றியது, இன்னொருவருக்குக் காது ஏமாற்றியது. இரண்டு பேருக்கும் தவறான அதே சாய்வுதான் சரியாகப் பட்டது. இரண்டு பைலட் இருந்தால் ஒருவர் தவறை மற்றவர் பிடிப்பார் என்ற நம்பிக்கை அந்தச் சில நொடிகளில் இல்லாமல் போனது.

பிடித்தது ஏடிஐ. கண்ட்ரோலைக் கொடுத்த பிறகும் பயிற்சி பைலட் காகிள்ஸுக்கு அடியில் உள்ள இடைவெளி வழியாகக் கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு ஏதோ ஆகிறது என்று தெரிந்துவிட்டதால் வெளியே பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. உடம்பு நேராக இருப்பதாகச் சொன்னது. கருவி சாய்ந்திருப்பதாகச் சொன்னது.

“சார், ஏடிஐ லெஃப்ட்ல இருக்கு. ஹைட் முந்நூத்தம்பது.”

பதில் இல்லை. பயிற்றுநருக்கு அந்தக் குரல் கேட்டது; பொருள் ஏறவில்லை. கண்ணெதிரே தொடுவானம் நேராக இருக்கும்போது அந்த வார்த்தைகளை எங்கே வைப்பது என்று மனசுக்குத் தெரியவில்லை என்று பிறகு சொன்னார். மூன்று நொடி கழித்துப் பயிற்சி பைலட் கத்தினார்: “சார், அது ஹொரைசன் இல்ல! உள்ள பாருங்க! ஹைட்! ஹைட்!”

பயிற்றுநர் கண்ணைத் தாழ்த்தினார். ஏடிஐ-ஐப் பார்த்ததும் சாய்வை நேராக்கினார், சக்தியைக் கூட்டினார், மூக்கைச் சமன் செய்தார். அந்த வரிசையில்தான் செய்தார் என்பது பதிவில் இருக்கிறது. சாய்ந்த நிலையிலேயே சக்தியைக் கூட்டியிருந்தால் அதில் ஒரு பகுதி ஏறுவதற்கு உதவாமல் திருப்பத்தை இறுக்குவதிலேயே போயிருக்கும். எட்டிய மிகக் குறைந்த உயரம் 190 அடி. எச்சரிக்கை ஒலி எழவே இல்லை.

20 நொடியில் 310 அடி இறங்கியிருந்தார்கள். அதே வேகத்தில் போயிருந்தால் தரைக்கு இன்னும் ஏறக்குறைய 12 நொடி.

திரும்பி வந்தது

நேராக ஏறினார்கள். அந்தப் பகுதிக்குக் குறித்த பாதுகாப்பு உயரம் வரும்வரை எந்தப் பக்கமும் திரும்பவில்லை. திரைக்கு மேலே வந்ததும் நட்சத்திரங்கள் தெரிந்தன. அப்போதும் பயிற்றுநர் கருவியை மட்டுமே பார்த்து ஓட்டினார். கருவியும் வெளியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சொல்லும் வேலையைப் பயிற்சி பைலட்டுக்குக் கொடுத்தார். சிவகங்கைப் பகுதியை விட்டுவிட்டு, மதுரைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, உயரம் குறையாமல் வந்து ஓடுபாதையில் இறங்கினார்கள்.

இறங்கியதும் எஞ்சினை நிறுத்தினார்கள். அன்றிரவு சொந்தத் தளத்துக்குத் திரும்பிப் பறப்பதாகத் திட்டம். பயிற்றுநர் அதை ரத்து செய்தார். இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து சம்பவ அறிக்கையைத் தன் கையால் எழுதினார். ஹெலிகாப்டருக்கு எதுவும் ஆகவில்லை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மாத்திரை விஷயத்தையும் அதே அறிக்கையில் எழுதினார்.

மறுநாள் உள்ளூர்க் காவல் நிலையம் வழியாக ஒரு தகவல் வந்தது. கண்மாய்க் கரையில் இருந்த பெரியவர் ஒருவர், ஹெலிகாப்டர் பனைமர உயரத்துக்கு வந்ததாகச் சொல்லியிருந்தார். பதிவில் அப்படி இல்லை. ஆனால் அந்தச் சத்தம் தலைக்கு மேல் வந்தபோது அவர் பயந்ததில் தப்பேதும் இல்லை. பிரிவிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

ஆய்வில் தெரிந்தவை

இருவரையும் தனித்தனியாக, பதிவுக் கருவியின் எண்களைக் காட்டுவதற்கு முன்பே பேச வைத்தோம். எண்ணைப் பார்த்த பிறகு பேசினால் நினைவு எண்ணுக்கு ஏற்ப வளைந்துவிடும்.

பயிற்சி பைலட்டுக்கு நடந்தது காது செய்த வேலை. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். தண்ணீர்க் குடத்தைச் சட்டென்று சுழற்றினால் உள்ளே தண்ணீர் முதலில் பின்தங்கும், கொஞ்ச நேரத்தில் குடத்தோடு சேர்ந்து சுற்றும், குடம் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். குழலிலும் அதேதான். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் 10, 20 நொடியில் திரும்பும் உணர்வு அடங்கிவிடும். திருப்பத்தை நிறுத்தினால் எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். நடுவில் தலையைக் குனிந்தால் வேறு குழல்களும் கிளறப்பட்டு எல்லாம் குழம்பும். மிக மெதுவாகச் சாய்ந்தாலோ, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 2 டிகிரிக்கும் குறைவாக என்றால், காதுக்குத் தெரியவே தெரியாது.

இருக்கையில் உட்கார்ந்திருக்கும் உடம்பாவது சொல்லாதா என்று பலர் கேட்பார்கள். சொல்லாது. 20 டிகிரி சாய்ந்து சரியாகத் திரும்பும் ஹெலிகாப்டரில் உடலின் எடை 6 சதவீதம்தான் கூடும். அதுவும் நேராக இருக்கையை நோக்கியே அழுத்தும். பக்கவாட்டில் சரியும் உணர்வு இருக்காது.

பயிற்றுநருக்கு நடந்தது கண் செய்த வேலை: பொய்த் தொடுவானம். விமான மருத்துவத்தில் நிலைமயக்கத்தை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். தனக்கு நடப்பதே தெரியாதது முதல் வகை. தெரிந்து போராடுவது இரண்டாம் வகை. தெரிந்தும் கை கால் இயங்காமல் போவது மூன்றாம் வகை. பயிற்சி பைலட் இரண்டாம் வகையில் இருந்தார், பயிற்றுநர் முதல் வகையில் இருந்தார். குழம்பிப்போனதாகச் சொன்ன இளைஞரைவிட, தெளிவாக இருப்பதாக நம்பிய மூத்தவர்தான் அதிக ஆபத்தில் இருந்தார். கண்ட்ரோல் அவர் கைக்குப் போனது அந்த நேரத்தில்தான். மாணவர் தடுமாறினால் பயிற்றுநர் வாங்கிக்கொள்வது எல்லாரும் செய்வது. வாங்கும்போது அவர் கண் கருவியின் மேல் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அனுபவம் இதைத் தடுக்காது. நம் ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும் 2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்தில், சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன மி-17வி5 ஹெலிகாப்டர் பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் மேகத்துக்குள் போனது, அதனால் பைலட்டுக்கு நிலைமயக்கம் ஏற்பட்டுத் தரையில் மோதியது என்றுதான் முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் வெளியானது. அது நண்பகல் பறப்பு. 2023 ஜூலை 28 இரவு ஆஸ்திரேலியாவின் லிண்டெமன் தீவுக்கு அருகே கூட்டுப் பயிற்சியில் விழுந்த எம்ஆர்எச்-90 ஹெலிகாப்டரில் நான்கு பேர் இறந்தார்கள். இரவுப் பார்வைக் கருவி பொருத்திய ஹெல்மெட் போட்டுத் தாழ்வாகப் பறந்த பறப்பு, அங்கும் விசாரணை நிலைமயக்கத்தைத்தான் சுட்டியது.

அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் நடந்த சோதனையில், கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 பேர் வெளியே எதுவும் தெரியாத நிலையில் சிறு விமானத்தை ஓட்டினார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள்; சராசரியாக 178 நொடியில். அங்கே கீழே உயரம் இருந்தது. 500 அடியில் பறப்பவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

மாத்திரை பற்றி: அதுதான் காரணம் என்று என்னால் எழுத முடியவில்லை, எழுதவும் இல்லை. முதல் எச்சரிக்கைக்குப் பதில் சொல்லாத அந்த மூன்று நொடியில் அதற்கும் தூக்கக் குறைவுக்கும் பங்கு இருந்திருக்கலாம். காகிள்ஸ் போட்டு மூன்று வாரமானதற்கும் இருக்கலாம். ஒரே ஒரு காரணத்தைப் பிடித்து எழுதினால் கோப்பு சீக்கிரம் மூடப்படும். அதை நான் எதிர்த்தேன்.

எடுத்த முடிவுகள்

முதலில் கண்ட்ரோல் கைமாறும் முறை மாறியது. காகிள்ஸ் பறப்பில் கண்ட்ரோல் வாங்குபவர் வாங்கும் முன் ஏடிஐ-ஐப் பார்த்து, சாய்வையும் உயரத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொடுப்பவர் கொடுக்கக் கூடாது. ஒரு நொடி கூடுதலாகும் என்று சில பயிற்றுநர்கள் தயங்கினார்கள். அந்த ஒரு நொடியில்தான் அன்று எல்லாம் தவறிப் போனது என்று பதிவைக் காட்டினோம்.

அடுத்தது ஒரே சொல். “உள்ளே” என்று யார் சொன்னாலும், பதவி பார்க்காமல், ஓட்டுபவர் கேள்வி கேட்காமல் கருவிக்குப் போக வேண்டும். சாய்வை நேராக்கி, சக்தி கூட்டி, திரும்பாமல் ஏற வேண்டும். காரணம் கேட்பதெல்லாம் பாதுகாப்பு உயரத்துக்குப் போன பிறகு. பிரிவில் வேற்று மொழிக்காரர்களும் இருந்ததால் அவர்கள் தங்களுக்குள் வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். கிளம்பும் முன் இருவரும் அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லிக் காட்ட வேண்டும் என்பது மட்டும் பொது.

ரேடியோ ஆல்டிமீட்டர் எச்சரிக்கை திட்டமிட்ட உயரத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 500 அடிக்கு 450. கிளம்பும் முன் சரிபார்க்கும் பட்டியலில் அதற்கு வரி சேர்த்தோம். நிலா இல்லாத இரவில் பரமக்குடி, இளையான்குடிப் பகுதியின் குறைந்தபட்ச உயரம் 1000 அடி ஆனது. வழித்தட வரைபடத்தில் இதுவரை மலை, டவர், கம்பி மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. இப்போது வெளிச்சமில்லாத பகுதிகளும் பெரிய கண்மாய்களும் கோணலான சாலைகளும் குறிக்கப்படுகின்றன.

பெங்களூரில் உள்ள விமான மருத்துவ நிறுவனத்தில் நிலைமயக்கத்தை உண்டாக்கிக் காட்டும் கருவியில் உட்கார வைப்பார்கள். எல்லாரையும் அடிக்கடி அனுப்ப முடியாது. அதனால் வகுப்பறையிலேயே சுழலும் நாற்காலியை வைத்துச் செய்தோம். கண்ணைக் கட்டி உட்கார வைத்து, எந்தப் பக்கம் சுற்றுவதாகத் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டச் சொல்வோம். மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுவோம். முதலில் விரல் சரியாகக் காட்டும். கொஞ்ச நேரத்தில் விரல் மெல்ல நிமிர்ந்து நடுவுக்கு வரும். நாற்காலி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நிறுத்தியதும் விரல் எதிர்ப்பக்கம் பாயும். அசையாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தான் சுற்றுவதாகச் சத்தியம் செய்யும் ஆளைச் சுற்றி நின்று மற்றவர்கள் பார்ப்பார்கள். முதல் ஆளாக அதில் உட்கார்ந்தவர் அந்தப் பயிற்றுநர்தான். தன் நிகழ்வை மாணவர்கள் முன்னால் அவரே சொன்னார்.

பின்னால் நடந்தது

மருத்துவ விதியை மீறியதற்காகப் பயிற்றுநருக்கு எச்சரிக்கை தரப்பட்டது. தானாக முன்வந்து எழுதியதைக் கணக்கில் எடுத்து, பறப்புத் தகுதியில் கை வைக்கவில்லை. கருவிப் பறப்பைத் திரும்பப் பழகிய பிறகு இரவுப் பயிற்சிக்குத் திரும்பினார். பயிற்சி பைலட்டுக்கு அடுத்த சில இரவுகள் சிரமமாக இருந்தன. ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் சாய்கிறதா என்று தோன்றும் என்றார். வேறு பயிற்றுநரோடு, நிலா வெளிச்சத்தில், உயரமாகப் பறந்து மெல்ல மெல்லச் சரியானது. பயிற்சியை முடித்தார். பாராட்டுக் கடிதம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது நான் வலியுறுத்திக் கேட்டது ஒன்றுதான்: அதில் அவர் கத்தியதை மட்டும் எழுதாதீர்கள், “எனக்குச் சாயற மாதிரி இருக்கு” என்று முதலில் சொன்னதையும் எழுதுங்கள். எழுதினார்கள்.

இன்னும் மாற வேண்டியவை

விளக்கு வளையத்தைப் பார்த்தும் பயிற்சி பைலட் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்கு எந்த விதியும் மருந்தாகவில்லை. அங்கேயே சொல்லியிருந்தால் பரமக்குடிக்குத் திரும்பியிருப்பார்கள். இப்போது ஒவ்வொரு காகிள்ஸ் பறப்பிலும், திசைமாறும் புள்ளிக்கு முன்னால் பயிற்றுநரே “வெளியே எப்படி இருக்கு?” என்று மாணவரிடம் கேட்கிறார். தானாகச் சொல்லத் தயங்குபவர்கூடக் கேட்டால் சொல்லிவிடுவார். இது சிலரிடம் பழக்கமாகிவிட்டது, சிலரிடம் இன்னும் இல்லை.

காகிள்ஸ் தகுதிக்கான நாள் கணக்கு மழைக்காலத்துக்குப் பொருந்தவில்லை. நவம்பர், டிசம்பரில் வாரக்கணக்கில் பறக்காமல் இருந்துவிட்டு, முதல் இரவே மாணவரை ஏற்றிக்கொண்டு நிலா இல்லாத தடத்துக்குப் போவதை விதி இன்னும் அனுமதிக்கிறது. முதல் இரவு இரண்டு பயிற்றுநர்கள் மட்டும் பறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். எரிபொருளும் மணி நேரமும் கூடுதலாகும் என்பதால் முடிவு தள்ளிக்கொண்டே போகிறது.

மாத்திரை விஷயத்தில், ஜலதோஷம் என்று சொல்லி வருபவரின் பறப்பு ரத்தானால் அதே வாரத்தில் அவருக்கும் மாணவருக்கும் மாற்று நாள் கட்டாயம் தரப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நாள் தவறிவிடும் என்ற பயம் இருக்கும்வரை மருத்துவ அறைக்கு யாரும் தானாக வர மாட்டார்கள். அதற்கான அட்டவணை மாற்றம் அடுத்த பயிற்சித் தொடக்கத்திலிருந்து சோதனையாக நடக்க இருக்கிறது.